பர்ஸ் தொலைந்தால், கிடைத்தால், ஒளித்து வைத்த பணம் மறந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பொது நூலகத்தின் முன்மேசையில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். வாசகர்கள் மறந்து விட்டுப்போகும் பொருள்களை வாங்கி வைப்பதும், தேடி வருபவரிடம் விசாரித்துத் திருப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. குடை, கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வரும். ஆனால் முகம் வெளிறி, மூச்சிரைக்க ஓடி வருபவர் பெரும்பாலும் பர்ஸைத் தேடித்தான் வருவார். அவர்கள் கேட்டவற்றையும், பிறகு உறவினர்களும் நண்பர்களும் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

பர்ஸைக் காணோம். முதல்ல என்ன பண்ணணும்?

நிற்கிற இடத்திலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். "எங்கே தொலைத்தேன்" என்று யோசித்தால் மனம் பத்து இடத்துக்கு ஓடும். "கடைசியாக எப்போது கையில் எடுத்தேன்" என்று யோசியுங்கள். கடைசியாகக் காசு கொடுத்த நேரம், அடையாள அட்டையைக் காட்டிய நேரம். கார்டில் செலுத்தியிருந்தால் வங்கியின் குறுஞ்செய்தியிலேயே நேரம் இருக்கும். அந்த நேரத்துக்கும் இப்போதைக்கும் நடுவே நீங்கள் எங்கெல்லாம் உட்கார்ந்தீர்கள் என்று எண்ணுங்கள். நின்ற இடத்தைவிட உட்கார்ந்த இடத்தில்தான் பர்ஸ் அதிகம் நழுவுகிறது. என் மேசைக்கு வந்த பர்ஸ்களில் பாதிக்கு மேல் இருக்கையின் மெத்தைக்கும் கைப்பிடிக்கும் இடையில் கிடைத்தவை.

அந்த இடங்களுக்குப் போன் செய்து கேளுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். ஒருமுறை "இல்லை" என்று சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். முன்மேசையில் இருப்பவருக்குத் தெரியாமல் பர்ஸ் இன்னும் இருக்கைக்கு அடியிலேயே கிடக்கலாம். சுத்தம் செய்பவர்கள் வேலை முடித்த பிறகு, ஆள் மாறிய பிறகு, மறுநாள் காலையில் என்று இன்னும் இரண்டு முறை கேளுங்கள். துப்புரவுப் பணியாளர்களை நேரிலேயே கேட்பது இன்னும் நல்லது. பர்ஸ்களை அதிகம் கண்டெடுப்பவர்கள் அவர்கள்தான்.

கார்டை உடனே பிளாக் பண்ணணுமா, கொஞ்ச நேரம் தேடிப் பார்க்கலாமா?

இப்போது பல வங்கிச் செயலிகளில் கார்டைத் தற்காலிகமாகப் பூட்டும் வசதி இருக்கிறது. அது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், முதலில் பூட்டுங்கள், பிறகு தேடுங்கள். கிடைத்துவிட்டால் நீங்களே திறந்துகொள்ளலாம். நிரந்தரமாக பிளாக் செய்தால் புதுக் கார்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் பலரும் தயங்கித் தயங்கி நேரத்தைக் கடத்துகிறார்கள்.

"பின் நம்பர் யாருக்கும் தெரியாதே" என்று சும்மா இருக்க வேண்டாம். தட்டினாலே பணம் போகும் கார்டுகளில் சிறு தொகைகளுக்குப் பின் கேட்பதில்லை. இணையத்தில் வாங்க கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களே சில இடங்களில் போதும். பூட்டும் வசதி இல்லையென்றால், வெளியே தொலைந்தது என்று உறுதியாகத் தெரிந்ததுமே பிளாக் செய்துவிடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. வங்கியின் உதவி எண்ணை அவசரத்தில் இணையத்தில் தேடாதீர்கள். போலி எண்களைப் போட்டுவைத்து, பதற்றத்தில் இருப்பவர்களுக்காகவே காத்திருக்கும் கும்பல்கள் உண்டு. கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணை இன்றே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கார்டு தொலைந்த பிறகு அதன் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது.

வீட்டுக்குள்ளதான் இருக்கு, ஆனா தேடித் தேடிக் கிடைக்கல.

ஒரே மேசையை ஐந்து முறை பார்த்திருப்பீர்கள், வேறு ஐந்து இடங்களை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு அறையை எடுத்துக்கொண்டால் வாசலிலிருந்து ஒரே திசையில் போங்கள். பார்த்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். அப்புறம், வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து செய்ததை அப்படியே ஒருமுறை நடித்துப் பாருங்கள். செருப்பைக் கழற்றியது, பையை வைத்தது, கை கழுவப் போனது என்று ஒன்று விடாமல். கை நிறைந்திருந்ததால் எதையாவது வழியில் வைத்திருப்பீர்கள்.

நேற்று போட்ட உடை, துவைக்கப் போட்ட கூடை, வாகன இருக்கைக்கு அடி, காய்கறிப் பை, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு. இவற்றைப் பார்த்தாயிற்று என்றால் வீட்டில் இன்னொருவரைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் கண் பழகித் தாண்டிப்போகும் இடத்தில் அவர் கண் நிற்கும்.

போனது கொஞ்சப் பணம்தான். போலீஸ்ல சொல்லணுமா?

பணத்துக்காக இல்லை, அடையாள அட்டைகளுக்காகச் சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைத் திரும்ப வாங்கப் பல இடங்களில் தொலைந்ததற்கான பதிவைக் கேட்பார்கள். அதைவிட முக்கியம், இந்தத் தேதியில் என் அட்டை என் கையை விட்டுப் போய்விட்டது என்பதற்கு அது சாட்சி. நாளைக்கு அந்த அட்டையை வைத்து வேறொருவர் சிம் வாங்கினாலோ கடன் எடுத்தாலோ, உங்கள் பக்கம் பேச அந்தக் காகிதம் இருக்கும்.

பர்ஸ்ல என்னென்ன இருந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்லையே?

யாருக்குமே இருப்பதில்லை. என் மேசையில் பர்ஸைக் கேட்டு வந்தவர்கள் பணத்தையும் ஒரு கார்டையும் சொல்வார்கள், அதற்கு மேல் திணறுவார்கள். இன்று ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பர்ஸில் உள்ள எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். வாரக்கணக்கில் தொடாத கார்டுகளை எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். மீதியை ஒரு பட்டியலாக எழுதுங்கள்: எந்த வங்கி, எந்தக் கார்டு, கடைசி நான்கு இலக்கம், பூட்டச் சொல்வதற்கான எண்.

அட்டைகளைப் படம் எடுத்து வைக்கலாமா என்று கேட்பார்கள். அடையாள அட்டைகளை எடுக்கலாம், பூட்டுப் போட்ட கோப்புறையில் வையுங்கள். பணக் கார்டுகளை முழுதாகப் படம் எடுக்க வேண்டாம், பட்டியலே போதும். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி போனுக்கு வெளியே, நீங்கள் நம்பும் ஒருவரிடமோ வீட்டிலோ இருக்கட்டும். பர்ஸும் போனும் ஒரே பையில் சேர்ந்து தொலைவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

பின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில எழுதி பர்ஸ்ல வச்சிருக்கேன். பரவாயில்லையா?

இப்போதே எடுத்துவிடுங்கள். போன் நம்பர் மாதிரி மாற்றி எழுதி வைத்திருந்தாலும் சரி.

நிஜமா யாராவது திருப்பித் தருவாங்களா?

தருவார்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர் தருவார்கள். என் அனுபவம் மட்டும் அல்ல, இதைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு அது. 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, தங்கும் விடுதி, அருங்காட்சியகம், அஞ்சலகம் போன்ற இடங்களின் முன்மேசைகளில் "வெளியே கிடந்தது" என்று கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒவ்வொன்றும் உள்ளே இருப்பது வெளியே தெரியும் சிறிய உறை. அதில் பெயர், மின்னஞ்சல் உள்ள அட்டைகள், வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல், பெரும்பாலானவற்றில் ஒரு சாவி. சிலவற்றில் பணம் உண்டு, சிலவற்றில் இல்லை. மேசையில் இருந்தவர் உரியவருக்கு எழுதுகிறாரா என்று காத்திருந்தார்கள்.

பணம் இல்லாதவற்றில் சுமார் 40 சதவீதம் பேர் தொடர்புகொண்டார்கள். பணம் இருந்தவற்றில் 51 சதவீதம். பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? 40 நாடுகளில் 38-இல் அதற்கு நேர்மாறாக நடந்தது. மூன்று நாடுகளில் தொகையை ஏழு மடங்கு கூட்டிப் பார்த்தார்கள். திருப்பித் தந்தவர்கள் இன்னும் கூடினார்கள், 72 சதவீதம். பணம் கூடக் கூட, அதை வைத்துக்கொள்வது தன்னைத் திருடன் என்று தானே ஒத்துக்கொள்வதாகத் தோன்றுகிறது என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இன்னொன்று அந்தச் சாவி. எடுத்தவருக்குச் சாவியால் ஒரு பயனும் இல்லை, தொலைத்தவருக்குத்தான் அவசியம். சில பர்ஸ்களைச் சாவி இல்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள், சாவி இருந்தவைதான் அதிகம் திரும்பின. அடுத்தவரின் தவிப்பு ஒருவருக்குத் தோன்றிவிட்டால் அவர் கை உதவியின் பக்கம்தான் போகிறது. நான் மேசையில் உட்கார்ந்து பார்த்ததும் அதுதான்.

அப்படின்னா எனக்கு மட்டும் ஏன் திரும்பி வரல?

பல நேரம், கண்டெடுத்தவருக்கு உங்களைக் கண்டுபிடிக்க வழி இருந்திருக்காது. வங்கிக் கார்டில் பெயர் இருக்கும், தொடர்பு எண் இருக்காது. அடையாள அட்டையில் பழைய முகவரி. அந்த ஆய்வின் பர்ஸ்களில் மின்னஞ்சல் பளிச்சென்று தெரிந்தது என்பதை மறக்க வேண்டாம். எங்கள் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பர்ஸ்கள் எல்லாம் ஆள் தெரியாதவைதான். நேர்மையானவரின் கையில் இருந்தும் வீடு சேராமல் போனவை அவை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

அதுக்கு பர்ஸ்ல என் போன் நம்பரை எழுதி வச்சா போதுமா?

உங்கள் எண்ணோடு இன்னொருவர் எண்ணையும் எழுதுங்கள். போனும் சேர்ந்து தொலைந்திருந்தால் உங்கள் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. "இது கிடைத்தால் அழைக்கவும்" என்று ஒரு வரி, இரண்டு எண்கள், பர்ஸைத் திறந்ததும் கண்ணில் படும்படி. வீட்டு முகவரி வேண்டாம், முக்கியமாக வீட்டுச் சாவியும் பர்ஸிலேயே இருந்தால்.

பணத்தை எடுத்துட்டுப் பர்ஸை எங்கயாவது வீசியிருப்பாங்களா?

திருடு போயிருந்தால் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். பர்ஸைக் கையில் வைத்திருப்பது திருடியவருக்கே ஆபத்து. காசை எடுத்துக்கொண்டு சீக்கிரமாகக் கைகழுவத்தான் பார்ப்பார். அருகிலுள்ள கழிவறை, குப்பைத்தொட்டி, படிக்கட்டு மூலை, புதர் இவற்றை அன்றே பாருங்கள். குப்பை அள்ளிப்போன பிறகு பார்த்துப் பயனில்லை. கைவிடப்பட்ட பர்ஸைப் பிறகு வேறு யாராவது பார்த்துப் பக்கத்து மேசையில் கொடுப்பதும் உண்டு. அதனால்தான் முதல் பதிலில் மறுநாளும் கேட்கச் சொன்னேன்.

புளூடூத் டிராக்கர் வாங்கி வச்சா தொலையவே தொலையாதுதானே?

தொலையும், ஆனால் தேடும் நேரம் குறையும். வீட்டுக்குள் ஒலி எழுப்ப வைத்துக் கண்டுபிடிக்க அருமையான கருவி. வெளியே என்றால், அதன் பக்கத்தில் அதே வலையமைப்பைச் சேர்ந்த வேறொருவரின் போன் கடந்துபோனால்தான் இடம் தெரியும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கடைசியாகத் தெரிந்த இடத்தை மட்டுமே காட்டும். பர்ஸுக்கு என்றால் கார்டு வடிவில் வருவதைப் பாருங்கள். வரைபடம் ஒரு வீட்டைக் காட்டினால் தனியாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள், போலீஸாரை அழைத்துப் போங்கள்.

எனக்கு ஒரு பர்ஸ் கிடைச்சிருக்கு. நான் என்ன செய்யணும்?

கடை, நூலகம், பேருந்து போன்ற இடத்துக்குள் கிடைத்திருந்தால் அங்கேயே பொறுப்பில் இருப்பவரிடம் கொடுங்கள். தொலைத்தவர் முதலில் தேடி வருவது அந்த இடத்துக்குத்தான். நல்லெண்ணத்தில் வீட்டுக்கு எடுத்துப்போனால், அவர் வந்து கேட்டு "இல்லை" என்ற பதிலோடு திரும்பிப்போவார். திறக்கும்போது இன்னொருவர் உடன் இருக்கட்டும், பணத்தை அவர் முன்னால் எண்ணி எழுதிக் கொடுங்கள். பிறகு ஒரு சொல் வந்தால் உங்களுக்கு அது காவல்.

தெருவில் கிடைத்தால், உள்ளே எண் இருந்தால் அழையுங்கள், இல்லையென்றால் காவல் நிலையம். வங்கிக் கார்டு இருந்தால் வங்கிக்குச் சொல்லலாம். அவர்கள் உரியவரின் எண்ணைத் தர மாட்டார்கள், ஆனால் அவருக்குத் தகவல் சொல்ல முடியும். அடையாள அட்டையைப் படம் எடுத்துச் சமூக வலைதளத்தில் போட வேண்டாம். உதவி என்று நினைத்துச் செய்வது, அவருடைய பிறந்த தேதியையும் முகவரியையும் ஊருக்கே கொடுத்ததாகிவிடும். உரியவரைத் தேடாமல் வைத்துக்கொள்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

"அது என் பர்ஸ்தான்"னு ஒருத்தர் வர்றார். உண்மைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அறிவிக்கும்போதே நிறம், தொகை எதையும் சொல்லாதீர்கள். "ஒரு பர்ஸ் கிடைத்திருக்கிறது" என்பதோடு நிறுத்துங்கள். வருபவரை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள், "எவ்வளவு பணம் இருந்தது?" என்று கேட்டு அதை வைத்தே முடிவு கட்டுகிறார்கள். உண்மையான உரிமையாளரே தொகையைத் தப்பாகத்தான் சொல்வார். நான் கேட்டது வேறு: "பணமும் கார்டும் தவிர உள்ளே என்ன இருக்கிறது?" பழைய பயணச் சீட்டு, குழந்தையின் பள்ளிப் படம், கிழிந்த ஜிப், யாரோ எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. அதைச் சொல்லும்போதே அவர் குரல் மாறும். அடையாள அட்டை உள்ளே இருந்தால் முகத்தைப் பார்த்தாலே முடிந்தது.

என் பர்ஸ் கிடைச்சதா ஒருத்தர் போன் பண்ணினார். முதல்ல கொஞ்சம் பணம் அனுப்பச் சொல்றார்.

அனுப்பாதீர்கள். தொலைந்த செய்தியை நீங்கள் பொதுவில் போட்டிருந்தால் அதைப் பார்த்து அழைப்பவர்கள் உண்டு. முந்தைய பதிலில் உள்ள கேள்வியையே திருப்பிப் போடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்லட்டும். ஓடிபி கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். பர்ஸைக் கொடுக்க ஓடிபி எதற்கும் தேவையில்லை. சந்திப்பதென்றால் ஆள் நடமாடும் இடத்தில், பகலில்.

கொண்டுவந்து கொடுத்தவருக்கு ஏதாவது தரணுமா?

நீங்களாகத் தாருங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சில நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. ஜப்பானில் கண்டெடுத்துக் கொடுத்தவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை கேட்க உரிமை உண்டு. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் உங்கள் மனமும் வசதியும்தான் அளவு. வேண்டாம் என்று மறுப்பவர்கள் நிறைய. அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மறுநாள் போன் செய்து மறுபடி நன்றி சொல்லுங்கள். அந்த அழைப்பு வந்ததை வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் போன்லயே கட்டலாமே, அவசரத்துக்குன்னு தனியா காசு எதுக்கு?

போன் அணைந்திருக்கும் நாளுக்காக. சார்ஜ் தீர்வது, வலைத் தொடர்பு அறுவது, வங்கிச் சேவை சில மணி நேரம் முடங்குவது, மின்சாரம் போவது, போனே தொலைவது. இவற்றில் எது நடந்தாலும் உங்கள் கணக்கில் இருக்கும் பணம் கைக்கு எட்டாது. முக்கியமாக, கார்டுகளைப் பிளாக் செய்தபின் புதுக் கார்டு வரும்வரை எப்படிச் சமாளிப்பது என்பதை முன்கூட்டி யோசிப்பவர்கள் குறைவு. ஒளித்து வைத்த காசு அந்த நாள்களுக்குத்தான்.

எவ்வளவு வைக்கணும்?

உடம்போடு எடுத்துப்போவது: நீங்கள் வழக்கமாகப் போகும் மிகத் தொலைவான இடத்திலிருந்து வீடு திரும்பும் செலவு, ஒரு வேளைச் சாப்பாடு. வெளியூர் என்றால் ஓர் இரவு தங்கும் செலவையும் சேருங்கள். வீட்டில்: மூன்று நான்கு நாள் குடும்பம் நடத்தும் அளவு. அதற்கு மேல் ரொக்கமாக ஒளிப்பது பாதுகாப்பு இல்லை, வங்கியிலேயே இருக்கட்டும். எல்லாம் சிறிய நோட்டுகளாக இருப்பது நல்லது. அவசரத்தில் பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது.

எங்கே ஒளிச்சு வைக்கறது? போன் கவருக்குள்ள வைக்கலாமா?

போன் கவர்தான் எல்லாரும் சொல்லும் இடம், எனக்குப் பிடிக்காத இடமும் அதுதான். போன் போனால் காசும் போகும். போன் இல்லாதபோதுதானே அந்தக் காசே வேண்டும்? கம்பியில்லாமல் சார்ஜ் செய்யும் பழக்கம் இருந்தால் கவருக்குள் எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது. பர்ஸின் ரகசிய மடிப்பும் அப்படித்தான். விதி ஒன்றுதான்: எது தொலைந்தால் இந்தக் காசு தேவைப்படுமோ, அதற்குள் இந்தக் காசு இருக்கக் கூடாது.

அப்படிப் பார்த்தால் மிஞ்சும் நல்ல இடங்கள்: கைப்பையின் உள்துணியில் தைத்த சிறு பாக்கெட், பெல்ட்டின் உள்பக்க ஜிப், அடையாள அட்டை உறையில் அட்டைக்குப் பின்னால், மருந்துப் பெட்டி, மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் துணிக்கு அடியில். செருப்பு, ஷூவுக்குள் வைத்தால் வியர்வையில் நோட்டு நைந்துபோகும், பிளாஸ்டிக் உறையில் இட்டு வையுங்கள். இரண்டு மடிப்புக்கு மேல் மடிக்காதீர்கள், மடிப்பில்தான் கிழியும்.

ரொம்ப பத்திரமா ஒரு இடத்துல வச்சேன். இப்ப அந்த இடமே ஞாபகம் இல்ல!

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. எனக்கும் நடந்திருக்கிறது. வீடு மாறும்போது ஒளித்ததை இரண்டு வருடம் கழித்து, பயன்படுத்தாத தையல் பெட்டியில் கண்டெடுத்தேன். இதை உளவியலாளர்கள் யூஜின் வினோகிராட், ராபர்ட் சோலோவே இருவரும் 1986-இல் ஆராய்ந்தார்கள். "யாருக்கும் தோன்றாத இடம், அதனால் எனக்கு மறக்கவே மறக்காது" என்று நாம் நம்புகிறோம். நடப்பது அதற்கு எதிர். பொருளுக்கும் இடத்துக்கும் ஒட்டுறவு இல்லாதபோது, பொருளை நினைத்தால் இடம் நினைவுக்கு வருவதில்லை. திருடனுக்குத் தோன்றாத இடம் நாளைக்கு நமக்கும் தோன்றாது.

அதனால் உங்களுக்கு மட்டுமே பொருள்படும் ஒட்டுறவு உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். அவசரத்துக்கான காசு என்றால் டார்ச், முதலுதவிப் பெட்டி, இன்சூரன்ஸ் கோப்பு போன்ற அவசரத்துக்கான பொருள்களோடு வையுங்கள். ஒரே ஒரு இடம், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஏற்கெனவே மறந்துவிட்டது என்றால், ஒளித்த காலத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசியுங்கள். பயணமா, விருந்தாளியா, வெள்ளை அடித்தார்களா? அப்போது கைக்கு எட்டிய இடங்களிலிருந்து தேடுங்கள்.

வீட்டுல வைக்கும்போது வேற என்ன கவனிக்கணும்?

திருடனைவிட ஈரம், பூச்சி, பழைய சாமான் கழிப்பது இந்த மூன்றும்தான் அதிகம் பறிக்கின்றன. புத்தகத்துக்குள் வைத்த பணம் புத்தகத்தோடு தானமாகப் போகும். நன்கொடையாக வந்த புத்தகங்களைப் பிரித்து அடுக்கும்போது நானே நோட்டுகளை எடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பழைய கோட், தலையணை உறை, காலி டப்பா எல்லாம் அதே வகை. அடுப்பு, அயர்ன் பாக்ஸ் பக்கம் வேண்டாம். பாலிமர் நோட்டுகள் தண்ணீரைத் தாங்கும், சூட்டில் சுருங்கிவிடும்.

நோட்டு கருகியோ அரிக்கப்பட்டோ போனால் தூக்கி எறியாதீர்கள், ஒட்டவும் வேண்டாம். துண்டுகளை அப்படியே ஒரு பெட்டியில் போட்டு வங்கியில் கேளுங்கள். யூரோ, அமெரிக்க டாலர் இரண்டிலும் நோட்டின் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் மாற்றித் தருகிறார்கள். மற்ற நாணயங்களுக்கும் இதுபோல் விதிகள் உண்டு. வருடம் ஒருமுறை எடுத்துப் புது நோட்டாக மாற்றி வையுங்கள். நோட்டுகள் செல்லாமலும் போகும். இந்தியாவில் 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கும், பிரிட்டனில் 2022 செப்டம்பர் முடிவில் 20, 50 பவுண்டு காகித நோட்டுகளுக்கும் அது நடந்தது.

அவசரக் காசை எடுத்துச் செலவு பண்ணிடறேன். என்ன பண்ண?

உறையில் போட்டு ஒட்டி, தொகையையும் தேதியையும் மேலே எழுதுங்கள். ஒட்டியதைக் கிழிக்க வேண்டும் என்றால் கை ஒரு நொடி நிற்கும், பெரும்பாலும் அந்த நொடியே போதும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் எடுங்கள், அதற்குத்தானே வைத்தது. காலி உறையைத் தூக்கி எறியாமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள், நிரப்பும்வரை.

ஒளிச்சு வச்சதை யார்கிட்டயாவது சொல்லணுமா?

உடம்போடு எடுத்துப்போவதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருப்பதை ஒருவரிடமாவது சொல்லுங்கள். நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாளில்தான் அந்தப் பணம் வீட்டுக்குத் தேவைப்படும். யாருக்கும் தெரியாமல் ஒளித்தவர் போய்விட்டால் அந்தப் பணம் பழைய சாமானோடு போய்விடும்.

வீட்டுக்காரருக்குத் தெரியாம கொஞ்சம் சேர்த்து வச்சிருக்கேன். அது தப்பா?

இதைக் குரல் தாழ்த்திக் கேட்டவர்கள் பலர். இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசக்கூடிய வீடு என்றால், "என் பேரில் ஒரு சிறு தொகை அவசரத்துக்கு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. அவருக்கும் அப்படி ஒன்று இருக்கட்டும். பின்னால் தானாகத் தெரியவரும்போது தொகையைவிட மறைத்ததுதான் வலிக்கும்.

ஆனால் அடிக்குப் பயந்து வாழும் வீடு, காசு முழுக்க ஒருவர் பிடியில் இருக்கும் வீடு என்றால் என் பதில் வேறு. சொல்ல வேண்டாம். அந்தப் பணத்தையும் அடையாள அட்டையின் பிரதிகளையும் வீட்டுக்கு வெளியே, நீங்கள் முழுதாக நம்பும் ஒருவரிடம் வையுங்கள். இதில் தப்பே இல்லை.

பர்ஸ் அப்படியே திரும்பக் கிடைச்சிருச்சு. பழையபடி பயன்படுத்தலாமா?

தற்காலிகமாகப் பூட்டியதைத் திறக்கும் முன் அந்த இடைவெளியில் நடந்த பரிவர்த்தனைகளைப் பாருங்கள். வெளியாள் கையில் இருந்திருந்தால் கார்டை மாற்றிக்கொள்வதே நல்லது, எண்களைக் குறித்துக்கொள்ள அரை நிமிடம் போதும். சாவி பர்ஸில் இருந்து, முகவரியும் உடன் இருந்திருந்தால் பூட்டை மாற்றுங்கள். போலீஸில் சொல்லியிருந்தால் கிடைத்ததையும் சொல்லுங்கள்.

அம்மா பர்ஸை எங்கயோ வச்சிட்டு, வேலைக்கு வர்றவங்க எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. எப்படிச் சமாளிக்கறது?

வயதானவர் பொருளை மறைத்து வைப்பதும், மறைத்ததை மறந்து, யாரோ எடுத்துவிட்டதாக நம்புவதும் மறதி நோயில் அடிக்கடி காணும் விஷயம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒளித்தது நினைவில் இல்லை, பொருள் இல்லாதது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து மனம் ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறது. வாதாட வேண்டாம். "வாங்கம்மா, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் தனியாகப் போய் நிலைமையைச் சொல்லுங்கள், அவருடைய மனமும் புண்பட்டிருக்கும். ஒருமுறை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

அதே நிறத்தில், அதே அளவில் இன்னொரு பர்ஸ் வாங்கி, சிறிய நோட்டுகள் சில, பழைய கார்டு ஒன்று போட்டுத் தயாராக வையுங்கள். உண்மையான கார்டுகளும் அடையாள அட்டையும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அவர் கையில் காசே இல்லாமல் செய்துவிடாதீர்கள், தன் காசு தன்னிடம் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய தெம்பு. கிடைக்கும்போதெல்லாம் இடத்தைக் குறித்து வையுங்கள். அரிசிப் பானை, தலையணை உறை, பழைய ஷூ என்று பெரும்பாலும் நான்கைந்து இடங்களே திரும்பத் திரும்ப வரும். குப்பையை வெளியே கொட்டும் முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.